களரிக்கு வந்த கிற்றார்

இசை ஆவணப்படம் எடுக்கவென்று எங்கள் பக்கம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் இரட்டை ஆசையோடு வருகிறார்கள். படம் எடுக்க வேண்டும், படத்தோடு ஒரு பாட்டுத்தொகுப்பும் வெளியிட வேண்டும். அந்தத் தொகுப்பில் ஈச்சிலம்பற்றுக் கூத்து அண்ணாவியாரும் கொழும்பிலிருந்து வரும் எலெக்ட்ரிக் கிற்றார்காரரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் ஒலிப்பதிவு செய்கிறவன் என்ற முறையில் அவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மைக், என்ன கருவி என்பதல்ல. "தாளம் யாருடையது?" என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் ஓரளவுக்குத் தானாக ஒழுங்காகிவிடும்.

இந்தத் தொழிலுக்குள் நான் ஒலிபெருக்கி வழியாக வந்தேன். கோவில் திருவிழாக்களுக்குப் புனல் கட்டி, அம்பிளிபயரைக் கார் பற்றரியில் ஓட்டி, விடிய விடிய காவல் இருக்கிற வேலை. ஈச்சிலம்பற்றில் அப்போது மின்சாரம் கிடையாது. திருகோணமலையிலிருந்து ஒரு சாமான் கொண்டுவருவதென்றால் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து மூதூரில் இறங்கி, கிளிவெட்டி, சேருநுவர என்று தரைவழியாக வர வேண்டும். தெற்கே வாகரைப் பக்கம் போவதற்கு வெருகலாற்றில் துறை. தரைவழியாக நகரத்துக்குப் போகிற வழியிலுள்ள கிண்ணியாப் பாலத்தையும் 2009இல்தான் திறந்தார்கள். மழைக்காலத்தில் துறையில் நிற்கும்போது அம்பிளிபயரைத் தலையில் வைத்துப் பொலித்தீனால் மூடிக்கொண்டு நின்ற காலம் அது. பிறகு போர் இறுகியபோது சோதனைச் சாவடிகளில் பற்றரிக்கு ஒரு விளக்கம், வயருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

கூத்தை நான் கேட்கப் பழகியது அந்த இரவுகளில்தான். வட்டக்களரியில் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் சல்லரி. பிற்பாட்டுக்காரர் பின்னால். ஆடுகிறவர்கள் சுற்றி வருவார்கள். ஒலிபெருக்கி போடுகிறவனுக்கு இது பெரிய தலையிடி, ஏனென்றால் பாடுகிறவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு மைக்கை எங்கே வைத்தால் வட்டம் முழுவதும் கேட்கும் என்று தேடித் தேடித்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. களரியின் ஒலி அண்ணாவியாரின் மத்தளத்திலிருந்து வெளியே விரிகிறது. ஆடுகிறவரின் சலங்கை, சல்லரி, பிற்பாட்டு எல்லாம் அந்த மத்தளத்தைப் பார்த்தபடிதான் நடக்கின்றன. ஆட்டம் சூடேறும்போது தாளமும் ஏறும். வரவுப் பாட்டில் இருந்த வேகம் சண்டைக் கட்டத்தில் இருக்காது. அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. அதுதான் கூத்து.

மின்சார வாத்தியங்கள் எங்கள் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. திருகோணமலை நகரத்து எம். பி. பரமேஸும் அவருடைய சகோதரர் கோணேஸும் 1970ஐ ஒட்டிய வருடங்களில் தங்களுடைய பாட்டுகளை இசைத்தட்டாகக் கொண்டுவந்தவர்கள். அதே காலத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையை இலங்கை முழுவதும் கொண்டுபோனார்கள். இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுகள் போகும் நேரத்தில் கடைத்தெருவே நின்று கேட்டதை எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லுவார்கள். திருகோணமலை பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற பறங்கிக் குடும்பங்கள் கல்யாண வீடுகளில் வயலினோடு கபிறிஞ்ஞா ஆடிப் பாடுகிறவர்கள். கரைக்கு வந்த வாத்தியத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளத் தெரிந்த துறைமுகம் இது. கிற்றார் வந்தால் கூத்துக் கெட்டுவிடும் என்று பயப்படுகிற ஆள் நானில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நகரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கசற்றில் நாலு ட்ராக் பதிகிற டஸ்காம் கருவி ஒன்று இருந்தது. பக்திப் பாட்டுகளும் கலியாண வாழ்த்துகளும் தேர்தல் விளம்பரங்களும்தான் வருமானம். அங்கே பழகிய முறை, ஒருவர் வாசித்ததற்கு மேல் இன்னொருவர் வாசிப்பது. முதலில் கீபோர்டில் ரிதம் போடுவோம். அதற்குமேல் கிற்றார், கடைசியில் பாடகர் வந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடிவிட்டுப் போவார். ஒரே பாட்டில் இருக்கிற மூன்று பேர் ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்கள். பக்திப் பாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. நாட்டார் பாடகர்களை அதே முறையில் பதியப் போனபோதுதான் எல்லாம் குழம்பியது. ஹெட்போனில் டிக் டிக் என்று க்ளிக் ஓடவிட்டுப் பாடச் சொன்னால், கிராமத்தில் ஆயிரம் பேர் முன்னால் அடித்துப் பாடுகிற மனிதர் குரல் சுருங்கி நிற்பார். அவருக்குத் தாளம் தெரியாது என்று ஸ்டூடியோவில் சொல்லுவார்கள். தாளத்தை உண்டாக்குகிறவரே அவர்தான். அவருக்கு முன்னால் ஒரு யந்திரம் தாளம் போட்டால் அவர் என்ன செய்வார்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எங்கள் கரையையும் அடித்தது. அதன் பிறகு படமெடுக்கிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது அழுகை. ஒரு தாய் ஒப்பாரி வைக்கும்போது மைக்கை நீட்டச் சொன்னால் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. அந்தக் காலத்தில் வேறு மாதிரி ஒரு முயற்சியும் நடந்தது. சென்னையிலிருந்த எர்த்சிங்க் என்ற நிறுவனம் 'லயா ப்ரொஜெக்ட்' என்ற இசை ஆவணப்படத்தைச் செய்தது. தயாரிப்பு சோன்யா மஜும்தார், ஒலிப்பதிவிலும் இசைத் தயாரிப்பிலும் யோதம் அகாம், இயக்கம் ஹரோல்ட் மொன்ஃபில்ஸ். இலங்கை, இந்தியா, மாலைதீவு, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா என்று அலை அடித்த ஆறு நாடுகளுக்கும் போய், அங்கங்கே இருக்கிற பாடகர்களை அவர்களுடைய இடத்திலேயே பதிந்து, பிறகு ஸ்டூடியோவில் வேறு வாத்தியங்களைச் சேர்த்தார்கள். படமும் இரட்டை இசைத்தட்டும் வந்தன.

அந்தத் தட்டை வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டேன். நாகூர் தர்காப் பாடகர்களின் 'யா அல்லாஹ்' அதில் இருக்கிறது. பின்னர் அதே பாடகர்களை வைத்து 'நாகூர் செஷன்ஸ்' என்று தனித்தொகுப்பே செய்தார்கள். நான் அதில் முக்கியமாகக் கவனித்தது வேலையின் வரிசையை. பாடகர் முதலில், வாத்தியம் பிறகு. அவருடைய மூச்சு எங்கே விழுகிறதோ அங்கேதான் மேலே சேர்த்த வாத்தியம் இடம் பிடிக்கிறது. எங்கள் ஸ்டூடியோவில் செய்தது இதற்கு நேர்எதிர். மின்னிசையையும் கிராமத்துக் குரலையும் சேர்க்கலாம், சேர்த்தும் குரலுக்குக் காயம் வராமல் பார்க்கலாம் என்பதற்கு என் கையில் ஒரு சாட்சி கிடைத்தது. ஆனாலும் ஒரு குறை மனதில் இருந்தது. கிராமத்தில் பாடியவர் அந்த மற்ற வாத்தியக்காரரின் முகத்தைப் பார்த்துப் பாடவில்லையே. சேர்ந்து வாசித்தால் அவர் இன்னும் என்ன செய்திருப்பார்?

அதை யோசித்துப் பார்க்க எங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை எங்கள் பிரதேசம் முழுவதையும் கிளப்பிவிட்டது. ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும் பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனார்கள். பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போனவர்களால் கூத்து ஏட்டையா தூக்க முடியும்? கையால் எழுதிப் பாதுகாத்த கொப்பிகள் போயின. நான் கசற்றில் பதிந்து ஊரில் வைத்திருந்தவையும் போயின. 2007இல் மக்கள் மீளக் குடியேறத் தொடங்கிய பிறகு எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாவியார் ஆள் அனுப்பினார். "மகன், தலைக்குள்ள கிடக்கிறது போகமுந்தி வந்து புடிச்சிரு" என்று சொல்லியனுப்பியிருந்தார். தறப்பாள் கொட்டிலில் இருந்து, ஞாபகத்தில் இருந்த விருத்தங்களையும் தருக்களையும் அவர் பாடப் பாடப் பதிந்தேன். அவருடைய மருமகள் அதைக் கேட்டுக் கேட்டுப் புதுக் கொப்பியில் எழுதினா. பதிவு என்பது வெளியே கொண்டுபோய்க் காட்டுவதற்கு மட்டுமல்ல, ஊருக்கே அது வேண்டும் என்று எனக்கு உறைத்த இடம் அந்தக் கொட்டில்.

சேர்ந்து வாசிப்பது பற்றிய என் பழைய கேள்விக்கு விடை தூரத்திலிருந்து வந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் வான் நைஸில் சவுண்ட் சிற்றி என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. அங்கே 1973இல் நீவ் 8028 என்ற ஒலிக்கலவை மேசையை 75,000 டொலருக்குமேல் கொடுத்து வாங்கி வைத்தார்கள். ஃப்ளீட்வுட் மக், டொம் பெற்றி தொடங்கி 1991இல் நிர்வானாவின் 'நெவர்மைன்ட்' வரை அந்த மேசை வழியாகத்தான் போயிற்று. நிர்வானாவில் ட்ரம்ஸ் வாசித்த டேவ் குரோல், 2011இல் அந்த ஸ்டூடியோ வணிகப் பதிவுகளை நிறுத்தியபோது மேசையை வாங்கித் தன்னுடைய ஸ்டூடியோ 606இல் பூட்டினார். அதன் கதையைச் சொல்லி 2013இல் 'சவுண்ட் சிற்றி' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். படத்தில் வருகிற பழைய பாட்டுகளைத் தொகுத்து ஒரு தட்டு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த ஸ்டூடியோவோடு தொடர்புள்ளவர்களையும் தன் கூட்டாளிகளையும் கூப்பிட்டு, அதே மேசைக்கு முன்னால் ஒன்றாக இருத்திப் புதிதாகப் பாட்டுக் கட்டினார். ஸ்டீவி நிக்ஸ், ரிக் ஸ்பிரிங்ஃபீல்ட், ட்ரென்ட் ரெஸ்னர், ஜொஷ் ஹொம் எல்லாரும் வந்தார்கள். போல் மக்கார்ட்னியோடு நிர்வானாவில் மிஞ்சியவர்கள் சேர்ந்து கட்டிய பாட்டுக்கு 2014இல் சிறந்த றொக் பாட்டுக்கான கிராமி கிடைத்தது. தொகுப்புக்கும் தனியாக ஒரு கிராமி. மொத்தம் 11 பாட்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் கட்டிப் பதிந்து முடித்தவை.

அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேலை நடக்கிற பகுதிகளை. யாரோ ஒருவர் ஒரு சின்னத் துண்டை வாசிக்கிறார். மற்றவர் தலையை ஆட்டுகிறார். ட்ரம்ஸ்காரர் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே நுழைகிறார். இது எங்கள் களரியில் நடப்பதுதானே என்று எனக்குத் தோன்றியது. பிற்பாட்டுக்காரர் அண்ணாவியாரின் வாயைப் பார்ப்பது போலத்தான் அவர்களும் பார்க்கிறார்கள். பெரிய நட்சத்திரங்கள், பழைய மேசை என்பதெல்லாம் அவர்களுடைய வசதி. ஒரே கூரைக்குக் கீழே இருந்து ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதற்கு எந்த வசதியும் தேவையில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அதைச் செய்துபார்க்கிற வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. கிழக்குக் கரைப் பாட்டுகள் பற்றிப் படமெடுக்க வந்த இளம் இயக்குநர் ஒருவர் படத்துக்கென்று தனியாக ஒரு தொகுப்பும் கேட்டார். கொழும்பிலிருந்து எலெக்ட்ரிக் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ். எங்கள் பக்கத்திலிருந்து கூத்துக்காரர், கரைவலைக்காரர், மூதூரிலிருந்து களிகம்புப் பாட்டுக்காரர், வேடர் வழிவந்த ஒரு பெரியவர். திருகோணமலையில் ஸ்டூடியோ எடுக்கலாம் என்றார்கள். வேண்டாம், வாத்தியக்காரர்கள் ஈச்சிலம்பற்றுக்கு வரட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஸ்டூடியோவுக்குள் போனால் கிற்றார்காரருக்கு அது வீடு, அண்ணாவியாருக்கு அது ஆஸ்பத்திரி. களரிக்கு வந்தால் விருந்தாளி கிற்றார்காரர்.

அம்பாப் பாட்டைத்தான் முதலில் எடுத்தோம். இலங்கைத்துறை முகத்துவாரத்தில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் தூக்கிக் கொடுப்பார், மற்றவர்கள் ஏந்திப் பாடுவார்கள். படப்பிடிப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று மரநிழலில் வட்டமாக இருத்திப் பாடச் சொன்னார் இயக்குநர். பாடினார்கள். சொல் எல்லாம் சரியாக வந்தது, உயிர் வரவில்லை. அம்பாவின் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கயிற்றின் பாரம். மடி நிறைந்து கனக்கும்போது பாட்டு மெதுவாகும். அலை தூக்கிக் கொடுத்தால் ஒரு எட்டு வேகமாகும். இழுப்பு இல்லாமல் அந்த மூச்சு வராது. ஆகவே மறுநாள் விடிய உண்மையான வலையோடு பதிந்தோம். தூக்கிக் கொடுப்பவரின் நெஞ்சில் சின்ன மைக் ஒன்று, இழுப்பவர்கள் வரிசைக்குக் கடற்பக்கமாகத் தடியில் ஒன்று, வெறும் மணலில் இரண்டு. கடல் இரைச்சலைப் பிறகு எடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அது எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும், குரலைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு மைக்கைக் கரைக்கு முகமாகத் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. ட்ரம்ஸ்காரப் பிள்ளை கயிற்றைப் பிடித்து இழுத்த பிறகுதான் அந்தத் தாளம் தன் உடம்புக்குள் வந்தது என்றார். பின்னேரம் அதே கரையில் ட்ரம்ஸை வைத்து, பதிந்த பாட்டோடு அந்த மீனவர்கள் முன்னாலேயே வாசித்தார். எங்கே தள்ள வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர்கள்தான் கையைக் காட்டினார்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். பகல் பத்து மணிக்குமேல் வெளியே மைக் வைக்க முடியாது. ஆகவே குரல் பதிவு விடியற்காலையிலும் இரவிலும். ஜெனரேற்றரை மேட்டுக்கு அப்பால் காற்றுப் போகிற திசையில் தள்ளி வைத்துத் தடித்த வயர் இழுக்க வேண்டும். கிற்றார் அம்பிளிபயருக்கு நிலம் சரியாகக் கட்டாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் முணுமுணுப்பும் அதன் மடங்குகளும் பாட்டு முழுக்க வரும். மத்தளத் தோல் இரவுப் பனியில் தளரும். நெருப்பில் காய்ச்சி இறுக்கினால் சுருதி ஏறும். ஆகவே கிற்றார்காரர் தன் கருவியை 440க்குக் கட்டிவைத்துவிட்டு அண்ணாவியாரை அதற்கு வரச்சொல்லக் கூடாது. அன்றிரவு அண்ணாவியாருக்கு எந்தச் சுருதி வாய்க்கிறதோ அதற்குக் கிற்றார் இறங்கும், ஏறும். நரம்பைத் தளர்த்துவது ஒரு நிமிட வேலை. மனிதக் குரலைத் தளர்த்த முடியுமா?

கூத்துப் பாட்டுப் பதிந்த இரவுதான் இந்த வேலையில் எனக்குப் பெரிய பாடம். முதலில் ட்ரம்ஸ்காரர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் வாசித்தார். கேட்டுப் பார்த்தால் சந்தைக்கடை போல இருந்தது. பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ஹைஹட் செய்கிற வேலையைச் சலங்கை ஏற்கெனவே செய்கிறது. சிம்பலின் வேலையைச் சல்லரி செய்கிறது. மத்தளத்தின் இடப்பக்கம் கிக் ட்ரம்மின் இடத்தில் இருக்கிறது. களரிக்குள் ஏற்கெனவே முழு ட்ரம்ஸ் செற் இருக்கிறது என்று அப்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஹைஹட்டை எடுத்துவிட்டோம். கிக்கைச் சண்டைத் தருவுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். பேஸ் கிற்றார் மத்தளத்தின் அடியை இரட்டிக்காமல், இரண்டு அடிகளுக்கு இடையில் இழுத்துப் பிடித்தது. கிற்றார் பல்லவியில் பேசாமல் இருந்து, ஆட்டக்காரர் சுற்றி வரும் இடைவெளியில் மட்டும் வாய் திறந்தது. அண்ணாவியார் வேகம் ஏற்றியபோது எல்லாரும் அவருடைய வலது தோளைப் பார்த்து ஏறினார்கள். க்ளிக் ட்ராக் இல்லை. ஆறேழு நிமிடப் பாட்டு, தொடக்கத்தில் இருந்த வேகத்துக்கும் முடிவில் இருந்த வேகத்துக்கும் பெரிய வித்தியாசம். றொக் இசைக்கு அந்த ஏற்றம் எவ்வளவு பொருத்தம் என்று வாசித்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள். முடிந்ததும் அண்ணாவியார் கிற்றார்காரப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ நல்லாக் காத்திருக்கிறாய் மகன்" என்று சொன்னார். அந்தப் பிள்ளை இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் பதிவுக்கு வரவேண்டும் என்று இல்லை. வேடர் வழிவந்த பெரியவரிடம் உடுக்கோடு பாடுகிற சடங்குப் பாட்டை இயக்குநர் கேட்டார். "அது சடங்குக்குக் கட்டினது. சடங்கில்லாமப் படிக்கப்படாது" என்று பெரியவர் சொல்லிவிட்டார். இயக்குநர் இன்னொருமுறை கேட்கப் பார்த்தார். நான் கருவியை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருந்து யானைக்கும் பன்றிக்கும் குரல் கொடுத்துப் பாடுவதை அவரே எடுத்துவிட்டார். அதைப் பதியலாமா என்று கேட்டுப் பதிந்தோம். தொகுப்பில் அந்தப் பாட்டுக்கு எந்த வாத்தியமும் சேர்க்கவில்லை. தூரத்தில் ஒருவர் பதில் குரல் கொடுக்கிறார், அவ்வளவுதான். றொக் தொகுப்பில் வாத்தியமில்லாத பாட்டு ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பாட்டுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது.

கலவைக்குக் கொழும்புக்குப் போனோம். எலெக்ட்ரிக் கிற்றாரின் பலம் இருக்கிற இடமும் வெளியில் பாடிப் பழகிய குரலின் பலம் இருக்கிற இடமும் ஒன்று, இரண்டாயிரம் மூவாயிரம் ஹேர்ட்ஸைச் சுற்றி. இரண்டையும் அப்படியே விட்டால் சண்டை பிடிக்கும். பழக்கத்தில் எல்லாரும் குரலைச் சீவிக் கிற்றாரைக் காப்பாற்றுவார்கள். நாங்கள் கிற்றாரைச் சீவினோம். படத்துக்கும் தொகுப்புக்கும் கலவை தனித்தனி. படத்தில் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் வெட்டுப்படும், மேலே ஒருவர் பேசுவார், ஆகவே நடுப்பகுதி ஒதுங்கி இருக்க வேண்டும். தொகுப்பில் பாட்டு முழுதாக நிற்க வேண்டும். படப்பிடிப்பில் கமரா நின்றதும் பாடகரையும் நிறுத்துகிற இயக்குநர்களோடு நான் இதற்காகத்தான் வாதாடுவேன். காட்சி கிடைத்துவிட்டது என்று அவர் திருப்தியாகப் போவார், தொகுப்புச் செய்ய உட்காரும்போது பாட்டின் வால் இருக்காது. படத்துக்கு 48 கிலோஹேர்ட்ஸில் பதிகிறோம், தட்டுக்கு 44.1 என்பதெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். வாலைக் கணினி பாடாது.

இனிச் சொல்லப்போவது இசை இல்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் மிகக் கசப்பான பகுதி இதுதான். வெளியிட வந்த கொம்பனி அனுப்பிய கடதாசியில் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ்காரர் பெயரெல்லாம் இருந்தது. அண்ணாவியார் பாட்டுக்கு நேரே இயற்றியவர் என்ற இடத்தில் 'மரபு' என்று போட்டிருந்தது. அந்தக் கூத்துப் பிரதி மரபாக வந்ததுதான், ஆனால் நாங்கள் பதிந்த தரு அவர் தானே கட்டிச் சேர்த்தது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். 'மரபு' என்று எழுதினால் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை, மேலே சேர்த்த இசையமைப்பு மட்டும் கணக்குக்கு வரும். உலகம் முழுவதும் நாட்டார் பாடகர்கள் இப்படித்தான் காணாமல் போகிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டுக் கட்டியவரின் உரிமையை மட்டுமல்ல, பாடி நடிக்கிறவருடைய உரிமையையும் சொல்கிறது. நாட்டார் வழக்குகளுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. இதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினோம். ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, பாடகர்கள் முன்னால் சத்தமாக வாசிக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் கையொப்பம் என்று இயக்குநரும் எங்கள் பக்கம் நின்றார். நாட்கூலி எல்லாருக்கும் ஒன்று. பெயர் வரிசையில் பாடகர் முதல்.

பெயர் என்பது சின்ன விடயமில்லை. அமெரிக்காவில் மோட்டவுன் கொம்பனிக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக்காரர்கள் அறுபதுகளில் உலகம் பாடிய பாட்டுகளுக்கெல்லாம் பின்னால் இருந்தவர்கள். 1971இல் மாவின் கேயின் தொகுப்பு வரும்வரை அவர்களின் பெயர் தட்டு உறையில் இல்லை. அவர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது 2002இல். அந்தப் படத்துக்காக மிஞ்சியிருந்தவர்கள் சேர்ந்து வாசித்த தொகுப்புக்குக் கிராமி கிடைத்தபோது பலர் உயிரோடு இல்லை. பேஸ் கிற்றார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983இலேயே போய்விட்டார். டில்லி இந்தியன் ஓஷன் குழுவின் கதையைச் சொல்லும் 'லீவிங் ஹோம்' 2010 ஏப்ரலில் திரைக்கு வந்தது. குழுவின் பாடகரும் தபலாக்காரருமான அசீம் சக்ரவர்த்தி அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2009 டிசம்பரில், காலமாகிவிட்டார். அவர் பாடி வைத்திருந்தவை '16/330 கஜூர் ரோட்' தொகுப்பில் இலவசமாக வெளியாயின. படம் முடியட்டும், தொகுப்பைப் பிறகு பார்ப்போம் என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்கள் நினைவு வரும். எங்கள் அண்ணாவியார் தொகுப்பைக் கையில் வாங்கினார். உறையில் தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அந்த மட்டில் எனக்குத் திருப்தி.

இப்போது காலம் மாறிவிட்டது. கைத்தொலைபேசியிலேயே நல்ல பதிவு எடுக்கலாம். கலந்துகிடக்கிற பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்துத் தருகிற மென்பொருள் வந்துவிட்டது. அதனால் புதிதாக ஒரு ஆபத்தும் வந்திருக்கிறது. கூத்து இரவொன்றில் யாரோ எடுத்த வீடியோவிலிருந்து அண்ணாவியார் குரலைப் பிரித்தெடுத்து, ரிதம் போட்டு, ஊரும் பேரும் இல்லாமல் உலவவிடுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளே அதைக் கேட்டு ஆடுகிறார்கள், யாருடைய குரல் என்று தெரியாமல். அதே நேரத்தில் ஈச்சிலம்பற்றுப் பாடசாலைப் பிள்ளைகள் கிற்றாரும் மத்தளமும் சேர்த்துத் தாங்களாகவே கட்டிப் பார்க்கிறதையும் காண்கிறேன். அவர்களுக்கு முன்மாதிரி வேண்டும். சரியாகப் பதிந்த, பெயரோடு இருக்கிற, முழுதாகக் கேட்கக்கூடிய முன்மாதிரி.

ஆகவே கருவிகளோடு வருகிற தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். உங்கள் படம் வெளிநாட்டு விழாக்களுக்குப் போகட்டும், தொகுப்பு விற்கட்டும். போவதற்கு முன் கலக்காத மூலப் பதிவுகளின் ஒரு பிரதியைப் பாடியவர் குடும்பத்திடமும் ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலையிலும் கொடுங்கள். பாடியவர்கள் சம்மதித்தால் இன்னொன்றை நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்கு அனுப்புங்கள், அங்கே ஒலி ஆவணங்களையும் எண்ணிம வடிவில் பேணுகிறார்கள். ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் பெயர், ஊர், திகதி, யார் கட்டிய பாட்டு என்பதைத் தமிழில் எழுதிவையுங்கள். கேபிள் சுற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.